பாய்வதுபோல் நின்று பதுங்குவது

பாப் மேத்திசனின் ஜெர்சி எண் 53. 1971-இல் கிளீவ்லண்டிலிருந்து மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தவர். அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரும்புள்ளிகள் பட்டியலில் தேடினால் அவர் பெயர் அகப்படாது. முன்வரிசையில் மோதுகிற டிஃபென்சிவ் எண்டாகவும் ஆடுவார். அதற்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கராகவும் ஆடுவார். இரண்டு வேலையும் தெரிந்த ஆளை இரண்டிலும் மாற்று ஆளாக உட்காரவைப்பதுதான் ஊர் வழக்கம். மயாமியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் பில் ஆர்ன்ஸ்பார்கருக்கு வேறொன்று தோன்றியது. இந்த மனிதர் இப்போது எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்று எதிரணிக்குத் தெரியாதே, அதையே திட்டமாக்கினால் என்ன? அந்தத் திட்டத்துக்கு மேத்திசனின் எண்ணையே பெயராகவும் வைத்துவிட்டார்கள்: '53 டிஃபென்ஸ்'. பிற்காலத்தில் 'சோன் பிளிட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கப் பரவிய உத்தியின் விதை அது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பந்து வைத்திருக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பருத்த ஆட்கள் சுவராக நிற்பார்கள். அவர் இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்காவது பந்தை எறிந்தாக வேண்டும். தடுக்கும் அணியில் பதினொரு பேர். முன்வரிசைத் தடியர்கள் அந்தச் சுவரை முட்டித் தள்ளுவார்கள். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள், அவர்களுக்கும் பின்னால் கார்னர்பேக், சேஃப்டி என்று ஓட்டக்காரர்கள். வழக்கமாக நான்கு பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய, ஏழு பேர் எறிபந்தைக் காப்பார்கள். அவசரத்துக்கு ஐந்து பேரையோ ஆறு பேரையோ பாயவிடுவதற்குப் பெயர் பிளிட்ஸ்.

பிளிட்ஸ் ஒரு சூதாட்டம். ஆறு பேர் பாய்ந்தால் பின்னால் ஐந்து பேர்தான் மிச்சம்; ஒவ்வொருவரும் ஒரு எதிரியைத் தனியாக விரட்டிக்கொண்டு ஓட வேண்டும். பாய்ச்சல் அரை விநாடி தாமதமானால் கார்னர்பேக்கின் கதி அதோகதி. தைரியமுள்ள குவார்ட்டர்பேக் இதற்காகவே காத்திருப்பார். பாய்ந்து வருகிறவன் எந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு வந்தானோ, அந்த இடத்துக்குப் பந்தை எறிந்துவிட்டால் போதும்.

மேத்திசனை வைத்து ஆர்ன்ஸ்பார்கர் செய்தது, இந்தச் சூதாட்டத்தில் பந்தயப் பணத்தைக் குறைத்தது. மேத்திசன் ஒரு முன்வரிசை ஆளுக்குப் பதிலாக உள்ளே வருவார். சில தடவை பாய்வார், சில தடவை பின்வாங்கிப் பந்தின் பாதையில் நிற்பார். எண்ணிக்கை மாறாது, ஆள்தான் மாறும். 1972 பருவத்தில் மயாமி ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றது. அந்தத் தடுப்பாட்டத்துக்குக் கிடைத்த பட்டம் 'பெயரில்லாத தடுப்பணி'. பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் வாஷிங்டனை 14-7 என்று ஜெயித்தார்கள். வாஷிங்டனின் அந்த ஏழு புள்ளிகூடத் தடுப்பணியின் கணக்கில் சேராது. மயாமியின் உதையாட்டக்காரர் காரோ யெப்ரேமியன், தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தை எறியப்போய்க் கைநழுவவிட்டதில் கிடைத்தது அது.

பத்து வருடம் கழித்து இந்த யோசனை இன்னும் துணிச்சலான உருவத்தில் தெரிந்தது. ஏ. ஜே. டூஹே லூசியானாவிலிருந்து முன்வரிசைத் தடியராக வந்தவர். 1977-இல் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் என்ற விருதையும் அந்த இடத்தில் ஆடித்தான் வாங்கினார். விருது வாங்கிய இடத்திலிருந்து ஒருவரைக் கிளப்பி லைன்பேக்கராக்குவதற்குப் பயிற்சியாளருக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அதே சமயத்தில் லைன்பேக்கராக இருந்த கிம் போகாம்பரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். ஆக, இப்போது மயாமியிடம் முன்னும் பின்னும் இடம் மாறிப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். 1983 ஜனவரி 23 அன்று, மழையில் தார்ப்பாய் போடாமல் விட்டதால் சேறாகிக் கிடந்த மயாமி மைதானத்தில், நியூயார்க் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ரிச்சர்ட் டாட் எறிந்த பந்துகளில் மூன்றை டூஹே பறித்தார். மூன்றாவதை 35 கெஜம் தூக்கிக்கொண்டு ஓடி எதிரணியின் கோட்டைத் தாண்டினார், டச் டவுன். 14-0. பந்தைப் பிடிப்பதே வேலை என்று வளர்ந்தவர்களுக்குக்கூட ஒரே ஆட்டத்தில் மூன்று அமைவது அபூர்வம். இவரோ பத்து அடி தூரத்துக்குள் மல்லுக்கட்டுவதையே தொழிலாகக் கற்றவர்.

இதற்குள் ஆட்டத்தின் சட்டமே மாறியிருந்தது. பந்து பிடிக்க ஓடுகிறவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தொடக்கூடாது என்று 1978-இல் விதி வந்தது. சுவராக நிற்பவர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்ற சலுகையும் அதே வருடம்தான். தடுப்பவர்களின் கையைக் கட்டி, எறிபவர்களின் கையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆயிற்று. பில் வால்ஷ் சின்சினாட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது உருவாக்கி, பிறகு சான்பிரான்சிஸ்கோவுக்கு எடுத்துப்போன குட்டையான, வேகமான எறிதல் முறை இந்தக் காற்றில் செழித்தது. பாய்கிறவன் வந்து சேருவதற்குள் பந்து கையைவிட்டுப் போய்விடும். அந்த வால்ஷிடம் சின்சினாட்டி இரண்டு சூப்பர் பௌல்களில் தோற்றது, 1982 ஜனவரியிலும் 1989 ஜனவரியிலும். இரண்டு தடவையும் தோற்ற பக்கத்துப் பயிற்சியாளர் குழுவில் நின்றவர் டிக் லபோ.

லபோவைப் பற்றிச் சுவாரசியமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. மைக்கேல் கெய்னுக்கு ஒரு படத்தில் டூப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், கூடியிருக்கும் முரட்டு ஆட்டக்காரர்கள் முன்னால் பழைய கிறிஸ்துமஸ் கவிதை ஒன்றை முழுக்க மனப்பாடமாகச் சொல்லுவார். ஆனால் இந்தக் கதைக்கு முக்கியமானது, அவர் டிட்ராய்ட் அணியில் 14 பருவங்கள் கார்னர்பேக்காக ஆடி 62 பந்துகளைப் பறித்தவர் என்பது. முன்னால் யாரோ பிளிட்ஸ் பாய்வதற்காக மைதானத்தின் ஓரத்தில் தனியாக விடப்படுவது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1984-இல் லபோ சின்சினாட்டியின் தடுப்பாட்டப் பொறுப்புக்கு வந்தார். அதே வருடம் ஆர்ன்ஸ்பார்கர் மயாமியை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போயிருந்தார். லபோ அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜுக்குப் போய் அவரைப் பார்த்தார். அங்கே அவர் காதில் விழுந்து நின்ற சொல், 'பாதுகாப்பான அழுத்தம்'. எதிரியை நெருக்கவும் வேண்டும், பின்னால் கதவையும் திறந்துபோடக் கூடாது. திரும்பி வரும் விமானத்தில் கிடைத்த காகித நாப்கினிலெல்லாம் வட்டமும் பெருக்கல் குறியுமாக வரைந்துகொண்டே வந்தார் என்று சொல்லுவார்கள். நாப்கின் கதை எல்லாக் கண்டுபிடிப்புக்கும் ஒன்று இருக்கும், அதை விட்டுவிடலாம். ஒரு வெற்றிகரமான பயிற்சியாளர் தன் தொழில் ரகசியத்தைக் கேட்டு வந்தவருக்கு உட்கார்ந்து விளக்கினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

லபோ வரைந்தது இதுதான். ஐந்து பேர் பாய்வார்கள். ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்பது பந்து நகர்கிற வரை தெரியாது. வலப்பக்கம் ஒரு லைன்பேக்கரும் ஒரு சேஃப்டியும் திடீரென்று பாய்ந்தால், முன்வரிசையில் கையூன்றி நின்ற ஒரு தடியர் பின்வாங்குவார். மிச்சமுள்ள ஆறு பேரில் மூவர் ஆழத்தில், மூவர் நடுவில். ஆளை விரட்ட மாட்டார்கள். இடத்தைக் காப்பார்கள், கண் குவார்ட்டர்பேக்கின் மேல் இருக்கும். குவார்ட்டர்பேக் என்ன செய்வார்? சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தபடி, பாய்கிறவன் காலிசெய்த இடத்துக்குச் சட்டென்று எறிவார். அங்கே 130 கிலோ எடையுள்ள ஒருவர் நின்றுகொண்டிருப்பார். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். இங்கே புலி பாய்வதுபோல் நின்றுவிட்டுப் பதுங்குகிறது, பாய்வது மான்.

தாளில் வரைவது ஒரு மாலை வேலை. அந்த 130 கிலோ மனிதரைப் பின்வாங்கப் பழக்குவதுதான் பயிற்சி. பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: முன்னே போ, விட்டுக்கொடுக்காதே. பின்னால் அடியெடுத்துவைத்தால் திட்டு விழுந்திருக்கும். இப்போது அதே மனிதரிடம், முதலில் எதிரே நிற்பவரின் நெஞ்சில் கைவைத்து ஒரு அடி நிஜமாகவே முட்டு என்று சொல்ல வேண்டும். முட்டாவிட்டால் அவர் உன்னை விட்டுவிட்டுப் பாய்ந்து வரும் லைன்பேக்கரைப் பிடித்துக்கொள்வார். முட்டியதும் இடுப்பைத் திருப்பு. முதுகைக் காட்டி ஓடாதே, கண்ணை குவார்ட்டர்பேக்கின் தோளிலிருந்து எடுக்காதே. மூன்று நான்கு எட்டில் குறித்த இடத்துக்குப் போய்க் கையைத் தூக்கி நில். அவர் யாரையும் துரத்த வேண்டியதில்லை, துரத்தவும் முடியாது. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் போதும். எதிரே அவரைத் தடுக்க நின்ற சுவர்க்காரர் காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கும்.

இதே பாடத்தின் மறுபாதி பின்வரிசைக்காரருக்கு. பாயப்போகிற சேஃப்டி ஒரு நொடி முன்னாலேயே நகர்ந்தால் குட்டு உடைந்துவிடும். ஒரு நொடி பிந்தினால் போய்ச்சேர மாட்டார். எதிரணியின் நிற்பு மாறினால் பாய்கிறவரும் பின்வாங்குகிறவரும் கணத்தில் இடம் மாறிக்கொள்ள வேண்டியிருக்கும். தன் வேலையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தேறமாட்டார். பக்கத்து ஆளின் வேலையும், அது ஏன் அப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் லபோவின் அணியில் புதுமுகங்கள் முதல் வருடத்தில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார்கள். திறமைக் குறைவு காரணமில்லை, பாடம் முடிந்திருக்காது.

சின்சினாட்டியில் லபோவுக்குக் கிடைத்த மேத்திசன், டேவிட் ஃபல்ச்சர். 1986-இல் வந்த சேஃப்டி. ஆறேகால் அடி உயரம், நூறு கிலோவுக்கு மேல். சேஃப்டிக்கு அவ்வளவு உடம்பு ஆகாது என்றுதான் யாரும் சொல்லுவார்கள். இளைக்கச் சொல்வது ஒரு வழி. லபோ அவரை லைன்பேக்கர்களோடு முன்னால் நிறுத்திப் பாயவிட்டார். ஆரம்பகாலத் திட்டங்களில் ஒன்று ஃபல்ச்சரின் பெயரிலேயே இருந்தது. கவனித்தீர்களா, மயாமியில் ஒரு ஜெர்சி எண், இங்கே ஒரு ஆளின் பெயர். இந்த உத்தி வளர்ந்த ஒவ்வொரு ஊரிலும் முதலில் ஒரு விநோதமான ஆட்டக்காரர் இருந்திருக்கிறார், அவருக்கு ஏற்றபடி திட்டம் பின்னால் வந்திருக்கிறது. சட்டையை முதலில் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற பயிற்சியாளர்களிடம் இது வளர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

1992-இல் லபோ பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். தலைமைப் பயிற்சியாளர் பில் கவருக்கு அது முதல் வருடம், தடுப்பாட்டப் பொறுப்பு டாம் கேப்பர்ஸிடம், லைன்பேக்கர்களுக்கு மார்வின் லூயிஸ், பின்வரிசைக்கு லபோ. அங்கே முன்வரிசையில் மூன்று பேர், பின்னால் நான்கு லைன்பேக்கர்கள் என்ற அமைப்பு ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. நான்கு பேரில் யார் வேண்டுமானாலும் பாயலாம், யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்பதால் உத்திக்கு அது சொந்த வீடு மாதிரி பொருந்தியது. கெவின் கிரீனும் கிரெக் லாய்டும் இரண்டு ஓரத்திலிருந்து பாய்ந்த அந்த வருடங்களில் ஊருக்கே 'பிளிட்ஸ்பர்க்' என்று செல்லப்பெயர் விழுந்தது.

இருந்தாலும் அந்தக் காலத்தின் நிஜமான சாதனை என்று நான் சொல்வது கார்னெல் லேக்கை. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அணியில் லைன்பேக்கராக ஆடியவர். 1989-இல் பிட்ஸ்பர்க் அவரை எடுத்துச் சேஃப்டியாக்கியது. 1995 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அணியின் தலைசிறந்த கார்னர்பேக் ராட் வுட்சனின் முழங்கால் போயிற்று. பருவத்தின் நடுவில் லேக்கை கார்னர்பேக் இடத்துக்கு நகர்த்தினார்கள். லைன்பேக்கர் உடம்போடு வந்தவர், மைதானத்தின் அதிவேகமான ஆட்களோடு ஓரத்தில் தனியாக ஓட வேண்டும். ஓடினார். அணி சூப்பர் பௌல் வரை போய் டல்லாஸிடம் தோற்றது. மூன்று இடத்து வேலையும் ஒருவருக்குத் தெரியுமென்றால் அதில் பாதி அவர் உழைப்பு. மீதி, ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களுடையது. பின்னாளில், 2011-இல், அதே அணியின் பின்வரிசைக்குப் பயிற்சியாளராக லேக் திரும்பிவந்தார். அப்போதும் தடுப்பாட்டப் பொறுப்பில் லபோதான்.

வுட்சன் அடிபட்டதற்கு முந்தைய பருவத்தில் நடந்த ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1995 ஜனவரி 15 அன்று பிட்ஸ்பர்க்கில் சான்டியேகோ சார்ஜர்ஸுக்கு எதிராக ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பௌல். சொந்த மைதானம், பலமான அணி. கடைசி நிமிடத்தில் எதிரணிக் கோட்டுக்கு மூன்று கெஜம் தூரத்தில் நின்று பிட்ஸ்பர்க் எறிந்த கடைசிப் பந்தை சான்டியேகோவின் லைன்பேக்கர் டென்னிஸ் கிப்சன் தட்டிவிட்டார். 17-13 என்று சான்டியேகோ வென்றது. அந்த அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் யார் என்று பார்த்தால், பில் ஆர்ன்ஸ்பார்கர். குருவின் பக்கம் ஜெயித்துவிட்டது. அந்தப் பருவத்தோடு அவர் ஓய்வும் பெற்றார்.

சின்சினாட்டிக்குத் திரும்பி, அங்கே தலைமைப் பயிற்சியாளராகித் தோற்று, ஒரு வருடம் பஃபலோவில் இருந்துவிட்டு, 2004-இல் லபோ மறுபடி பிட்ஸ்பர்க் வந்தார். வயது 66. அந்த வருடமே அணிக்குள் இன்னொருவரும் நிலையாக வந்து சேர்ந்தார்: ஜேம்ஸ் ஹாரிசன். கல்லூரி முடித்ததும் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறடிதான் உயரம், குட்டை என்றார்கள். பிட்ஸ்பர்க்கே அவரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கழற்றிவிட்டது, பால்டிமோரும் கழற்றிவிட்டது. இன்னொரு லைன்பேக்கருக்குக் கையில் அடிபட்டதால்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். 2008-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தேர்வில் விடுபட்டு வந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

2009 பிப்ரவரி 1, டாம்பா. சூப்பர் பௌல். முதல் பாதி முடிய 18 விநாடி. பிட்ஸ்பர்க் 10-7 என்று முன்னால் இருக்கிறது, ஆனால் அரிசோனா அணி பந்தோடு கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நிற்கிறது. லபோ அழைத்தது பிளிட்ஸ். ஹாரிசன் பாய வேண்டும். பாய்ந்து போய்ச் சேருவதற்குள் அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்துவிடுவார் என்று ஹாரிசனுக்குத் தோன்றியது. பாய்வதுபோல் ஓர் அடி வைத்தார், பிறகு சத்தமில்லாமல் உள்பக்கமாகப் பின்வாங்கினார். வார்னர் அங்குவான் போல்டினை நோக்கி எறிந்த பந்து நேராக ஹாரிசன் கைக்கு வந்தது. கோட்டருகிலிருந்து மறுகோடி வரை நூறு கெஜம். சக ஆட்டக்காரர்கள் வழிநெடுக எதிரிகளை மறித்துக்கொண்டே வர, துரத்திவந்த லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் கடைசி அடியில் மேலே விழ, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மறுகோடியில் சாய்ந்தார். எழுந்திருக்கவே நேரமாயிற்று. 14-10 என்று பின்தங்கியிருக்க வேண்டிய அணி 17-7 என்று இடைவேளைக்குப் போனது. இறுதியில் 27-23.

பலர் இதை ஒரு தனிமனித சாகசமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது பள்ளிக்கூடத்தின் வெற்றியாகத் தெரிகிறது. அந்தக் கணத்தில் அழைக்கப்பட்ட திட்டத்தை ஹாரிசன் மீறினார். ஆனால் மீறிச் செய்தது பள்ளிக்கூடத்தின் முதல் பாடத்தை. உத்தி அப்போது லபோவின் தாளில் இல்லை, ஹாரிசனின் தலைக்குள் இருந்தது. ஏன் என்று சொல்லிக்கொடுக்காமல் எதை என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி பாய்ந்திருப்பார், அரிசோனா டச் டவுன் போட்டிருக்கும், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்குள் உத்தி ஊர் ஊராகப் போயிருந்தது. கேப்பர்ஸ் அதை கரோலினாவுக்கு எடுத்துப்போனார், பல ஊர் சுற்றி 2009-இல் கிரீன் பே வந்து சேர்ந்தார். 2011 ஜனவரி 23 அன்று சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முன்வரிசை நடுத்தடியர் பி. ஜே. ராஜி, எடை 153 கிலோ, எல்லோரும் பாய்வார் என்று நினைத்த நேரத்தில் பின்வாங்கினார். பந்து நெஞ்சுக்கு வந்தது. 18 கெஜம் ஓடி, கோட்டைத் தாண்டியதும் இடுப்பை ஆட்டி ஒரு நடனம். டூஹேவின் சேற்று ஆட்டம் நடந்து அன்றைக்குச் சரியாக 28 வருடம். அடுத்த ஆட்டம் சூப்பர் பௌல், எதிரணி பிட்ஸ்பர்க். ஒரே காலத்தில் ஒரே அறையில் பாடம் வகுத்த கேப்பர்ஸும் லபோவும் எதிரெதிரே. கேப்பர்ஸின் அணி 31-25 என்று வென்றது.

எல்லா வித்தைக்கும் மாற்று உண்டு. பந்து பிடிக்க ஓடுகிற ஐந்து பேரையும் அகலமாகப் பரப்பி நிறுத்தி, கூடிப் பேசாமல் அடுத்தடுத்து ஆடினால் தடுப்பவர்களுக்கு வேஷம் போட நேரம் கிடைக்காது. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பல தடவை பிட்ஸ்பர்க்கை அப்படித்தான் சோதித்தார். ஆட்களுக்கும் வயதாயிற்று. 2014 பருவம் முடிந்ததும் லபோ பிட்ஸ்பர்க்கிலிருந்து விலகினார்.

வேஷம் மட்டும் நிற்கவில்லை. இப்போது ஐந்து பேர்கூட வேண்டாம் என்கிறார்கள். ஆறு பேரை முன்னால் வரிசையாக நிறுத்தி மிரட்டுவது, பந்து நகர்ந்ததும் யாரும் எதிர்பாராத நால்வரை மட்டும் பாயவிடுவது. 2023-இல் பால்டிமோரின் தடுப்பாட்டத்தை நடத்திய மைக் மெக்டானல்டு இதில் கெட்டிக்காரர். அவருடைய ஃபல்ச்சர், கைல் ஹாமில்டன். ஆறடி நாலங்குலச் சேஃப்டி. ஓட்டச் சோதனையில் வேகம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அணிகள் விட்டுவைத்ததால் 2022-இல் 14-ஆம் இடத்தில் கிடைத்தவர். இண்டியானாபொலிஸுக்கு எதிராக முதல் பாதிக்குள்ளேயே குவார்ட்டர்பேக்கை மூன்று தடவை வீழ்த்தினார், ஒரு சேஃப்டிக்கு அது பல வருடக் கணக்கு. அந்த ஆட்டம் ஓவர்டைமில் 22-19 என்று கைவிட்டுப் போனது. ஆனால் பருவம் முடிந்தபோது குறைந்த புள்ளி கொடுத்ததிலும், குவார்ட்டர்பேக்கை அதிகம் வீழ்த்தியதிலும், பந்தை அதிகம் பறித்ததிலும் பால்டிமோர்தான் முதல். மூன்றிலும் ஒரே வருடத்தில் முதலாக வந்த அணி அதற்குமுன் இல்லை. கல்லூரி அணியில்கூட ஆடியிராத மெக்டானல்டை, 36 வயதில், 2024 ஜனவரியில் சியாட்டில் தன் தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.